கடைசி ஆட்டத்தில் ஒரு ஸ்லைடு

எண்பதுகளில் எங்கள் ஆரணித் தெருவின் பழைய தியேட்டரை மூடினார்கள். கட்டட வரைபடம் படித்திருந்த நான், கடைசி நாளன்று அதை அளக்கப் போயிருந்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள்.

“எங்கண்ணன் ஏழுமலை உள்ள படம் பாத்துகினு இருக்காரு. ஜல்தியா கூப்பிடுங்க!”

அவசரத்துக்கு ஒருவரை அழைக்க, கண்ணாடி ஸ்லைடில் எழுதித் திரையில் காட்டுவார்கள். ஆபரேட்டர் அந்த வேலையை என்னிடம் தந்தார். ‘ஏழுமலை உடனே வெளியே வரவும்’ என்று எழுதி, எழுத்தளவு, இடைவெளி, பிழை எல்லாம் சரிபார்த்தேன். அவர் எந்தத் தெரு என்று கேட்டு எழுத மட்டும் மறந்துவிட்டேன்.

ஏழுமலை என்ற பெயருள்ள நான்கு பேர் பதறியடித்து வந்தார்கள். “எங்கம்மாவுக்கு என்னாச்சு?” என்று ஒருவர் அழுதேவிட்டார்.

அந்தப் பெண் தன் அண்ணன் கையைப் பிடித்தாள். “அண்ணிக்குப் பொண்ணு பொறந்திருக்குண்ணா!”

மற்ற மூவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இருவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“வுடும்மா. எங்கம்மா ஊட்ல சோறாக்கிகினுதான் இருக்கும். எதுக்கும் ஒருவாட்டி பாத்துட்டு வந்துர்றேன்.”

அவர் திரும்பி வரவில்லை. அன்று ஓடிய படம் எனக்கு நினைவில்லை. அவர் வீட்டுக்கு நடந்த வேகம் நினைவிருக்கிறது. அளவெடுத்து முடித்ததும் நானும் நேராக அம்மாவிடம் போனேன்.