இடது ஓரத்தில் இரண்டு கோடுகள்

ராமாயி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். லம்பா லைன் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து அவருடைய மகள் போனில் பேசினாள். "அம்மா காலையில போயிட்டாங்க மாமா. சாயங்காலம் எடுக்குறோம்." சிறுநீரகம் கெட்டுப்போய் ஒரு வருடமாகவே படுக்கையில் இருந்தவர்தான். இருந்தும் மெஷினை நிறுத்திவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே வைத்திருந்தேன். அதை இப்போது அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கும் அதில் சம்பந்தம் உண்டு என்பதால்.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரே கடையறையை நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் அக்காவின் டெலிபோன் பூத், மறுபக்கம் என் ஜெராக்ஸ் மெஷின். அக்கா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். சுனாமி அவர் கணவரையும் வீட்டையும் கொண்டுபோனது. மகளோடு கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்து, தகரக் கொட்டகையில் இருந்தபோதுதான் அந்த நோட்டைத் தொடங்கினார். யார் பிழைத்திருக்கிறார்கள், எந்த முகாமில் இருக்கிறார்கள், இலங்கையில் அட்டனிலோ பதுளையிலோ அவர்களைத் தேடும் சொந்தக்காரர் யார், எந்த எண்ணில் பேசலாம் என்று குடும்பத்துக்கு ஒரு பக்கம் எழுதினார். பூத் வைத்த பிறகும் எழுதினார். 'அக்கா நோட்டு' என்றால் உங்களில் பலருக்குத் தெரியும்.

அந்த வருடங்களில் நமக்கு லிஸ்ட் என்றாலே நிவாரணம்தான். லிஸ்டில் பெயர் இருந்தால் அரிசி, பாய், தகரம். எவன் பேனாவோடு வந்து நின்றாலும் முண்டியடித்துக்கொண்டு பெயர் கொடுத்தோம். எந்த ஆபீஸ் என்று கேட்டால் பெயர் விட்டுப்போய்விடுமோ என்று பயம். அக்கா மட்டும் வரிசையை நிறுத்திவிட்டுக் கேட்பார். "யாரு கேக்குறா, எதுக்குக் கேக்குறா, எந்தக் காகஜுல கேக்குறா? அத மொதல்ல காட்டுங்க சாப்." பின்னால் நிற்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொண்டவன்தான்.

இலங்கையில் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு மதியம், சாதாரண உடுப்பில் ஒருவர் வந்தார். எந்த அலுவலகம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ராமாயி கா நோட்புக் கிதர் ஹை? லிஸ்ட் பனானா ஹை" என்றார். நோட்டு எங்கே, லிஸ்ட் தயாரிக்க வேண்டும் என்கிறார். நிரந்தர வீடு எப்போது ஒதுக்குவார்கள் என்று எல்லோரும் காத்திருந்த நேரம். எனக்கு வேறென்ன தோன்றும்? அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அக்காவின் மேசையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்து, ஒன்று விடாமல் நகல் எடுத்தேன். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் என் பெயரையும் என் எண்ணையும் எழுதி, அதையும் நகல் எடுத்தேன். "சாப், மேரா பி", என்னுடையதும் என்று வேறு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டையும் நகலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து வீடுகளுக்கு ஆள் வர ஆரம்பித்தது. சௌல்தாரியில் காய்கறி போட்டுப் பிழைத்த பெருமாள் ஐயா வீட்டுக்கு மூன்று முறை வந்தார்கள். அட்டனில் யாரோடு பேசுகிறாய், என்ன பேசினாய், யார் உனக்குப் பணம் அனுப்புகிறார்கள் என்று கேட்டார்கள். அவர் பேசியது தன் தங்கையோடு. பயந்துபோய்ப் பேசுவதையே விட்டுவிட்டார். அந்தத் தங்கை இறந்த செய்தி பல மாதம் கழித்துக் கடிதத்தில்தான் வந்தது. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூத்துக்கு வந்தார், போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசவில்லை. கடைசியில் ஒரு நாள் வாய் திறந்தார். "நீ பயந்து குடுத்திருந்தா மன்னிச்சிருப்பேன் தம்பி. ஆசைப்பட்டுக் குடுத்த பாரு, அதான் எனக்கு வயிறு எரியுது." பிறகு தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார். மறுநாளே வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார்.

நோட்டை எடுத்துப் போனவர்கள் மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பூத்துக்கு யாரும் வரவில்லை. அக்காவிடம் பேசினால் நம் வீட்டுக்கும் வருவார்கள் என்று தெருவே ஒதுங்கியது. உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் இரண்டு முறை வேறு கடை தேடியவன். கடைசி நாளில் வக்கீல் வாதாடி முடித்ததும், நீதிபதி அக்காவைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அக்கா கும்பிட்டுவிட்டுச் சொன்னார். "ஐயா, கடல் எடுத்துட்டுப் போனத நான் கேக்கல. அதுக்கப்புறம் என் கையால எழுதி வச்சத கேக்குறேன்." வக்கீல் அதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

எழுத்து மூலமான, சட்டப்படியான உத்தரவு இல்லாமல் அந்த நோட்டை எடுத்தது தவறு, அதை வைத்து வீடு வீடாகப் போனதும் தவறு என்று தீர்ப்பு வந்தது. நோட்டையும் அதன் எல்லா நகல்களையும் திருப்பித் தரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம், தங்களிடம் வேறு நகல் இல்லை என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா எல்லோரையும் கடைக்கு வரவழைத்து, திரும்பி வந்த நகல் கட்டைப் பிரித்து, அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்தார். "வச்சுக்கிறதோ கொளுத்துறதோ ஒங்க இஷ்டம்" என்றார். பெரும்பாலானவர்கள் வாசலிலிருந்த எண்ணெய் டின்னில் போட்டுக் கொளுத்தினீர்கள். பெருமாள் ஐயாதான் முதலில் போட்டார். அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கடைசித் தாள் என்னுடையது. கையில் வாங்கியதும் பார்த்தேன். நோட்டை நகல் எடுத்த காலத்தில் என் மெஷினின் டிரம் உருளையில் ஒரு கீறல் இருந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கருங்கோடு விழும். அந்தக் கோடு இந்தத் தாளில் சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. அதன் பக்கத்தில், என் மெஷின் போடாத இன்னொரு கோடு கறுப்பாக இருந்தது. என் தாள் இல்லை அது. என் தாளை வேறு மெஷினில் வைத்து எடுத்த நகல்.

"எல்லாம் வந்திருச்சா தம்பி? நீதானே எடுத்த, ஒனக்குத்தான் தெரியும்" என்று அக்கா கேட்டார்.

"வந்திருச்சுக்கா" என்றேன்.

அவர் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. சொன்னால் மறுபடி கோர்ட், நான் சாட்சி, என் கடைக்கு ஆள் வரும். அந்தப் பயம்தான் மீதிப் பாதி. வாசலில் நீங்கள் கொளுத்திக்கொண்டிருந்தது, அவர்கள் எழுதிக் கொடுத்தது பொய் என்பதற்கு அக்காவின் கையிலிருந்த ஆதாரம் என்று எனக்கு மட்டும் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அதை வக்கீலிடம் கொண்டுபோனேன். ஒரு தாள் போதாது, இன்னும் சிலருடையது வேண்டும் என்றார். உங்களில் யாராவது கொளுத்தாமல் வைத்திருந்தால், எடுத்து இடது ஓரத்தைப் பாருங்கள். இரண்டு கோடு இருந்தால் என் கடைக்கு வாருங்கள். யார் கேட்கிறார்கள் என்றால், நான். எதற்கு என்றால், அக்காவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலுக்காக.

வரவில்லை அக்கா. நான் எடுத்துக் கொடுத்தது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.