மெத்தைக்குப் பின்னால் பாடியது

மைசூர் குவெம்புநகரில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறையில்தான் எங்கள் முதல் பாட்டுகள் பதிவாயின. அதே ஊர் ஹெப்பாளில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த மூன்று பேர் நாங்கள். கிடார் வாசித்தவன் மேலுக்கோட்டையில் வேர்விட்ட ஐயங்கார் குடும்பம். தாளம் போட்டவள் மைசூர்க்காரி, கன்னடம்தான் பேசுவாள். பாடியது நான். தமிழ் பேசும் எங்கள் எல்லையோர ஊர் மார்டள்ளியில் அப்பாவுக்கு மஞ்சள் விவசாயம். மகள் பேண்டில் பாடுகிறாள் என்று தெரிந்தால் வேலையை விடச் சொல்லி ஊருக்கே கூட்டிப்போய்விடுவார் என்று நம்பினேன்.

கீழே வீட்டுக்காரர் இருந்தார். சத்தம் கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவார். அதனால் சனிக்கிழமை மதியம், அவர் டிவி முன்னால் உட்காரும் நேரமாகப் பார்த்து, மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்துவோம். டிரம்ஸ் கிடையாது, டிராலி சூட்கேஸை மடியில் வைத்து அவள் உள்ளங்கையால் தட்டுவாள். செல்போனைத் தலையணைமேல் வைத்து, உதடு அதில் படுகிற மாதிரி குனிந்து நான் பாடுவேன். பிற்பாடு பத்திரிகையில் எங்கள் பாணி என்று எழுதினார்களே, அது இவ்வளவுதான். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

கிடார்க்காரன் பேண்டுக்கு ஒரு பெயர் மட்டும் வைத்து, எங்கள் பெயர் எதுவும் போடாமல் அந்தப் பாட்டுகளை இணையத்தில் ஏற்றினான்.

"யாராவது கண்டுபிடிச்சுட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கவே மாட்டா, பிடு," என்றான், விட்டுத்தள்ளு என்கிற மாதிரி.

கேட்டார்கள். இரைச்சலோடு, பக்கத்து வீட்டு குக்கர் விசிலோடு, தெருவில் கீரை விற்கிறவரின் ஒலிபெருக்கிக் குரலோடு அப்படியே கேட்டார்கள். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் இயர்போனிலிருந்து என் குரல் கசிந்தது. இறங்குகிற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம்.

அந்த வாரமே பாட்டுக்குக் கீழே ஒரு கமெண்ட் வந்தது. "அந்த சொப்புக்காரர், கீரை விக்கிறவர், எங்க தெருவுக்கும் வருவார். நீங்க தண்ணி டேங்க் பின்னாடிதானே இருக்கீங்க?"

எழுதியவர் யார் என்று பார்த்தால் படமும் இல்லை, பெயரும் இல்லை. கிடார்க்காரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடனே எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தாலும் கேட்டவர்கள் கேட்டதுதான் என்றான். அதன்பிறகு மாடிப்படி ஏறும்போதெல்லாம் யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று திரும்பவும் இழுத்துப் பார்ப்பேன்.

அடுத்த சனிக்கிழமை பதிவு நடுவில் தாளம் சட்டென்று நின்றது. அவள் மெத்தையை விலக்கிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ கேட் ஹத்ர நிந்திதாரே கணே," என்றாள் மெதுவாக.

கேட் பக்கம் யாரோ நிற்கிறார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை, முடியவில்லை. அதற்குள் கீழேயிருந்து வீட்டுக்காரர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடியே இறங்கினேன்.

கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், துப்பட்டாவைத் திருகிக்கொண்டு நின்றிருந்தார்கள். என்னைவிட அவர்கள்தான் பயந்திருந்தார்கள் போல. வீட்டுக்காரர் உள்ளே போகும் வரை காத்திருந்து ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, அந்தப் பாட்டு நீங்கதானுங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். தலை ஆடிவிட்டது.

"நாங்க ராமாபுரம்க்கா. அடுத்த தெரு ஹாஸ்டல்ல இருக்கறோம். அந்தக் கமெண்ட் போட்டதும் நாங்கதானுங்க. பாட்டுல 'அக்கட்டால'ன்னு நம்மூருப் பேச்சு வருதில்லீங்க, அப்பவே சொன்னேன், இது நம்ம பக்கத்துப் புள்ளதான்னு. எப்படிக்கா ரெக்கார்டு பண்ணுனீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

சிரித்துக்கொண்டே அவள் சொன்னது எனக்கு இடி மாதிரி விழுந்தது. தெருவை மறைத்தாலும் ஊரை மறைக்க முடியாது. பக்கத்து ஊர் ராமாபுரத்துக்குத் தெரிந்தது மார்டள்ளிக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்?

அவர்களை மேலே அழைத்துப்போய் மெத்தை, சூட்கேஸ், தலையணை எல்லாம் காட்டினேன். அவர்கள் போனதும் அப்பாவுக்குப் போன் போட்டேன். வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்வதை நினைக்கவே முடியவில்லை.

பேண்ட், பாட்டு, இணையம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ஊருல கேட்டா நான் என்னன்னு சொல்றது கண்ணு?" என்றார். அவர் குரலிலும் அதே பயம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தெரியலப்பா."

"பாடு. மூஞ்சிய மட்டும் காட்டாத. கண்ணாலம் முடியட்டும்."

அப்படித்தான் போயிற்று எங்கள் ஆரம்ப காலம். அந்த ஹாஸ்டல் பெண்கள் குளியலறையில் வைத்துப் பாடிய பாட்டு வெளிவந்தது. அதைக் கேட்டு மண்டியாவில் சிலர், பெங்களூரில் சிலர், செல்போனும் போர்வையுமாக ஆரம்பித்தார்கள்.

போன வருஷம் பெங்களூரில் அப்படி ஒரு குழுவின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மூவரும் போயிருந்தோம். நடுவில் பாடகன் எங்கள் பேண்டின் பெயரைச் சொன்னான். அவர்களைக் கேட்டுத்தான் பாடவே வந்தோம், இங்கே இருந்தால் கை தூக்குங்கள் என்றான். கூட்டம் திரும்பித் திரும்பித் தேடியது. கிடார்க்காரன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவனும் கையைத் தூக்கவில்லை, அவளும் தூக்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து நாங்களும் ஒருமுறை திரும்பிப் பார்த்தோம்.