பெட்டிக்குள் இருந்த குரல்

குருநகர் மீன் சந்தையில் யசிந்தா வாய் திறந்தால் வீதியால் போகிறவர்களும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். "வாங்கோ அண்ணை, பாரை இப்பதான் கரைக்கு வந்தது! பிறகு இல்லையெண்டு மூஞ்சையை நீட்டாதேங்கோ!" வீட்டிலும் அதே சத்தம்தான். மெல்லக் கதைக்கத் தெரியாத பிறவி.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். கணவன் அடைக்கலநாதன் கடலுக்குப் போகாமல் சுருண்டு கிடந்தான். மகள் மேர்சி யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவள். அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. அம்மாவுக்கென்று ஒரு செயலியை எழுதத் தொடங்கினாள். சத்திரசிகிச்சைக்கு முன்னர் அம்மா சொல்லும் வசனங்களை அதில் பதிந்து வைத்தால், பிறகு போனில் ஒரு பொத்தானை அழுத்த, அம்மாவின் சொந்தக் குரலே பேசும்.

"எடி விசரி, ஏச்சையுமோ பதியிறாய்?"

"ஓம் அம்மா. ஏச்சில்லாமல் நீங்களோ?"

யசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். செபம் சொன்னாள், மீன் கூவினாள், புருஷனை ஏசினாள், "மேர்சி, சாப்பிட்டிட்டியே பிள்ளை?" என்று கேட்டாள். நொந்தபோது ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

சத்திரசிகிச்சை முடிந்து உடம்பு தேறியதும் போனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கே போனாள். போனுக்குள்ளிருந்து அவளுடைய கூவல் எழுந்தபோது பக்கத்துக் கடைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மேர்சிக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன் அந்தக் குரலை இணையம் வழியாக வீட்டுக் கணினியிலிருந்துதான் எடுத்தது. அங்கே அந்தச் செயலி ஒரு கொன்டெய்னருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து ஓட்டுகிற முறை அது. புதிய பதிப்பு வந்தால் பழைய பெட்டியை எறிந்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். அதனால் பதிவுகள் இருக்கிற, அழியக்கூடாத தரவுத்தளத்தைப் பெட்டிக்கு வெளியே, கணினியின் கோப்புறை ஒன்றில் இருக்கும்படி இணைத்துவிட வேண்டும். நிறுவனத்தில் மேர்சி கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிய அந்த நாட்களில், வீட்டில் மட்டும் அதைச் செய்யாமல் விட்டாள். கணினியை நிறுத்தினாலும் மறுபடி போட்டாலும் குரல் இருந்தது. ஆகவே ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, அம்மா சைகையால் கேட்டபடி பொத்தான்களைப் பெரிதாக்கினாள். பழைய கொன்டெய்னரை அழித்தாள். புதியதை ஓடவிட்டாள். திரை வெறுமையாக வந்தது. ஒரு வசனமும் இல்லை. எல்லாம் அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு பிரதி எங்கும் கிடையாது.

உடனே கணினியை நிறுத்தி, கூட வேலை செய்யும் ஜெயசுதனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அழிந்ததை மீட்க அவன் இரண்டு நாள் மினக்கெட்டுப் பார்த்தான்.

"மேர்சி, ஒண்டும் மிஞ்சேல்லை," என்றான், அவள் முகத்தைப் பாராமல்.

அந்த இரண்டு நாளும் "கணினி பழுது" என்று சமாளித்தவள், அன்று அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்கடை குரல் போயிட்டுது. நான்தான் அழிச்சுப்போட்டன்."

யசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. போனை எடுத்து அழுத்தினாள். உள்ளங்கையில் தட்டிவிட்டு மீண்டும் அழுத்தினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள்கள் குலுங்கின. அழுகைக்கும் அவளிடம் சத்தம் இல்லை.

"பிள்ளை வேணுமெண்டே செய்தவள்?" என்று அடைக்கலநாதன் கெஞ்சினான். அவள் திரும்பவில்லை.

மேர்சி தரவுத்தளத்தை வெளியே இணைத்தாள். இனி எத்தனை பெட்டியை மாற்றினாலும் அது அழியாது. அதில் வைக்கத்தான் எதுவும் இல்லை. இயந்திரக் குரலொன்றைப் போட்டுக் கொடுத்தாள். செய்தி வாசிப்பது போல அது ஒரு வசனம் சொன்னதும் யசிந்தா நிறுத்திவிட்டாள். சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு காலை மேர்சி வேலைக்குப் புறப்படும்போது, அம்மா வாசலில் நின்று உதடுகளை அசைத்தாள்.

"என்னம்மா?"

மறுபடி அசைத்தாள்.

"விளங்கேல்லை அம்மா. இன்னொருக்கால் சொல்லுங்கோ."

யசிந்தா மகளின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். 'பரவாயில்லை, போ' என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.