பெரிய வெள்ளிக்குச் சம்பாக் கதிர்

“…அப்போ முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் மட்டும்தான் படிச்சிருக்கீங்க. அப்படித்தானேண்ணே?”

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டவர் நீடாமங்கலத்துச் செவிலியர், நாவலும் எழுதுகிறவர். அவருடைய முதல் நாவலுக்கு எங்கள் தேவாலய மாத இதழில் மதிப்புரை எழுதியவன் நான்.

மறைக்க முடியவில்லை. கிறிஸ்தவக் கதைகளுக்கு எங்கள் இதழில் மூன்று அளவுகோல்கள் உண்டு: கெட்ட வார்த்தை கூடாது, ஒரு வசனமாவது வர வேண்டும், பாவி மனந்திரும்பியே ஆக வேண்டும். இதற்குக் கடைசி அத்தியாயம் போதாதா என்று பல வருடங்களாக ஓட்டியிருந்தேன்.

“பாராட்டித்தான் எழுதுனீங்க. அதை வச்சு நான் என்ன பண்றது? நாளைக்கு அடுத்தது அச்சுக்குப் போகுது. நல்லாருக்கா இல்லையான்னு ஒருத்தராவது சொல்லுங்க.”

நாற்பது பக்கக் குறுநாவல். மிஷினிலிருந்து வந்த முதல் பிரதியை வாங்கி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். கடைக்கார பாயும் நான் படித்து வைத்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். குத்தகைக்குப் பயிர் செய்யும் ஒரு விதவை. மழை நிற்க வேண்டுமென்று ஜெபிக்கிறாள், நிற்கவில்லை. கோபத்தில் கோயிலுக்குப் போவதை விட்டவள், சனிக்கிழமை தோறும் பீடத்துக்குப் பூ மட்டும் கொடுத்தனுப்புகிறாள். ஏன் அனுப்புகிறாள்? எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. கடைசியில், பெரிய வெள்ளியன்று அழுது மனந்திரும்புகிறாள். வயலில் சம்பாக் கதிர் தலைசாய்ந்து நிற்கிறது.

பாய்தான் முதலில் வாய் திறந்தார். “ஏம்மா, பங்குனி சித்திரையில வர்ற உங்க பெரிய வெள்ளிக்கு ஏது சம்பா? தையிலயே அறுத்து, உளுந்துகூட எடுத்திருப்பாங்களே.”

“ஆண்டவர் மனசு வச்சா எந்தப் பட்டத்துலயும் விளையும் பாய்,” என்றேன்.

“அற்புதம்னா அற்புதம்னே எழுதியிருப்பேண்ணே. இது உங்க இதழுக்காக விளைய வச்சது,” என்றார் அவர். “மனந்திரும்பாம முடிச்சா மதிப்புரை வருமா? அதைப் பார்த்துத்தானே நம்ம சனம் புத்தகம் வாங்குது.”

“வராமப் போகலாம். ஆனா முழுசாப் படிச்சுத்தான் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பூவைப் பத்தி எழுதுவேன். போடலைன்னா இனி எந்தப் புத்தகத்துக்கும் நான் எழுதலை.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

இரண்டாம் பிரதி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைக் காட்டி மிஷினை நிறுத்தச் சொன்னார். மூலப் பிரதியிலிருந்து கடைசி அத்தியாயத்தின் ஆறு தாள்களை மட்டும் உருவி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மீதியை மேசையில் தட்டி அடுக்கினார்.