மெடலைக் கழற்றிய சொல்தா

அந்துவான் போய்விட்டார் என்று கோரிமேடு ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் போன் செய்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா அவர். அவர் வீட்டு மாடியில் பல வருடம் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் நான். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அவரோடு பழகிய உங்களுக்கும் தெரியும். அந்தப் பிடிவாதம் என்னையும் ஒருமுறை புத்தகயா வரை இழுத்துக்கொண்டு போனது.

பட்டாளத்தில் இருந்தபோது வியத்நாமில், சைகோனில் ஒரு புத்தர் கோயில் வாசலில் அவர் துப்பாக்கியோடு காவல் நின்றிருக்கிறார். சனங்கள் உள்ளே போய் வருவதைப் பார்த்ததோடு சரி, தான் உள்ளே போனதில்லை. வயதான பிறகு அது அவரை அரித்தது. மாதா கோயில் பூசை தவறாத நமக்கு புத்தர் கோயில் எதற்கு என்று அவர் மனைவி மல்லுக்கு நின்றார். “நம்ம கோயிலுக்கு வர்றவங்கள நாம வேணாம்னா சொல்றோம்?” என்று கேட்டுவிட்டு, அந்துவான் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

புத்தகயாவில் அன்று காலை மனிதர் மாப்பிள்ளை போலக் கிளம்பினார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கு ஊர்வலத்துக்குப் போடும் அதே கோட்டு, நெஞ்சில் வரிசையாக மெடல்கள். அந்த வெயிலுக்கு இது எதற்கு என்றேன். பெரிய இடத்துக்கு மரியாதையாகப் போக வேண்டாமா என்று என்னையே கடிந்துகொண்டார்.

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கினோம். மரத்தடியில் வியத்நாமிலிருந்து வந்த வயதான பிக்குணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெடல்களைப் பார்த்ததும் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தார்; எனக்கும் கொஞ்சம் புரிந்தது. எந்தச் சண்டைக்குக் கொடுத்தது என்று கேட்டார். இந்தோசீனா என்றார் இவர்; வியத்நாமில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய சண்டை அது. தன் தம்பி அந்தச் சண்டையில்தான் செத்தான் என்று அந்த அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

இவர் முகம் செத்துப்போயிற்று. திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். கோட்டைக் கழற்றி, மெடல்கள் உள்பக்கம் போகும்படி மடித்து, என் கையில் கொடுத்தார். நான் உள்ளே போகலாமா என்று அந்த அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா மெல்லச் சொன்ன பதில் என் காதில் விழவில்லை; திரும்பும்போது ரயிலில்தான் இவர் எனக்குச் சொன்னார்: “என்னை ஏன் கேக்குறீங்க, இங்க யாரும் காவலுக்கு நிக்கலன்னாங்க, வாத்தியாரே.” அன்று இவர் உள்ளே போய் வெகுநேரம் நின்றிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஜூலை பதினான்கு ஊர்வலத்துக்கு வெறும் வெள்ளைச் சட்டையோடு வந்தார். மெடல் இல்லாதவர் பின்வரிசைக்குப் போகட்டும் என்றார் ஒரு பழைய பட்டாளக் கூட்டாளி. முன்வரிசையில் தன் வழக்கமான இடத்திலிருந்து இவர் நகரவில்லை.

“சண்டைக்குப் போனதும் நான்தான், கழட்டி வச்சதும் நான்தான். ரெண்டும் இங்கயே நிக்கட்டும்.”

நாலு பேர் முன்னால் ஒன்றைச் செய்யக் கூச்சப்பட்டு நான் பின்வாங்கப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெறும் சட்டை கண் முன்னால் வந்து நிற்கிறது. முசியே அந்துவானிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.