பச்சைத் தாள் கட்டிய சட்டி

என் அம்மாவைப் பொறுத்தவரை நான் ஆடு பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். காரியாபட்டியில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். பெண் பார்க்கப் போகும் வீடுகளிலும் ஆடுதான். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா ஆடு வளர்ப்பவராகப் போய்விட்டார். வெள்ளாட்டுக்குக் கழிச்சல் கண்டால் என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். கையில் இருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டே, "பன்னிக்குன்னா கரெக்டா சொல்லிருவேன்" என்றேன். கேசரியை முடிக்க விடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை.

நாட்டுக் கருப்புப் பன்றியை எப்படி வளர்த்தால் கறி எப்படி அமையும், பண்ணை வெள்ளைப் பன்றியின் கறியோடு வைத்துப் பார்த்தால் எது தேறும் என்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. எங்கள் வீட்டு அடுப்பில் அந்தக் கறி ஏறியதே இல்லை. நான் முதன்முதலாகச் சாப்பிட்டதே இந்த வேலைக்காகத்தான். நீச்சல் தெரியாதவன் கடல் ஆராய்ச்சிக்குப் போன மாதிரி என்று என் நண்பன் சொன்னான். எனக்கு நீச்சலும் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது.

தாயில்பட்டியில் எனக்கு இடம் கொடுத்தது ஒரு கணவன் மனைவி. இரண்டு பேருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அக்கா திரி வைப்பார், அண்ணன் லோடு ஏற்றுவார். வீட்டுக்குப் பின்னால் பன்றி வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கறி போட்டுக் கம்பெனி ஆட்களுக்கே விற்றுவந்தார்கள். எல்லாம் கருப்புப் பன்றிகள். காது கிழிந்த ஒரு தாய்ப்பன்றியின் வழி வந்தவை. அந்தத் தாய்ப்பன்றிக்கு அக்கா வந்தால் எழுந்து நிற்கத் தெரியும். நான் போனால் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அந்த வருடம் அண்ணன் சிமெண்டுத் தரை போட்டுப் புதிதாகக் கொட்டகை எழுப்பினார். இருக்கிற இடத்துக்கு ஒரு இனம்தான் தாங்கும். கருப்புகளை எல்லாம் விற்றுவிட்டு, தாய்ப்பன்றி உட்பட, வெள்ளையை இறக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் இருந்தது. வெள்ளை சீக்கிரம் வளரும், குட்டியும் கூடுதலாகப் போடும்.

"கருப்பு வளர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிருது தம்பி. வெள்ள எப்புடி ஊதுதுன்னு பாத்தீகளா?"

"ஊதுறதெல்லாம் கறியா? பலூனுந்தான் ஊதுது" என்பார் அக்கா.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் நான் ஒரு வண்டியில் வெள்ளைக் குட்டிகளோடு போய் இறங்கினேன். அதே வயதுக் கருப்புக் குட்டிகளோடு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, கடைசியில் இரண்டின் கறியையும் ருசி பார்க்கச் செய்வது என் திட்டம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஊர்க்காரக வாயி சொல்லட்டும். வெள்ள கறி ஜெயிச்சா காதறுந்தது வண்டி ஏறும். ஒனக்குச் சம்மதமா?"

அக்கா கொஞ்ச நேரம் தாய்ப்பன்றியைப் பார்த்தார். "சரி. ஆனா ஜெயிக்கலன்னா பெறகு வெள்ளப் பேச்சு இந்த வீட்ல வரக்கூடாது."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியைக்கு நான் அனுப்பிய திட்டத்தில் தாய்ப்பன்றியின் உயிர் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வளர்ப்புக் காலம் நன்றாகவே போனது. மதியத்தில் பக்கத்துக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். முதல் வெடிக்கே வெள்ளைக் குட்டிகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கருப்புகள் காதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தன. நான் திடுக்கிட்டுத் தெர்மாமீட்டரைத் தீவனத் தொட்டிக்குள் போட்டேன். மிரண்ட பன்றியின் கறி வெளுத்துத் தண்ணீர் விடும் என்று படித்தவன் என்பதால் மிகவும் கவலைப்பட்டேன். அக்காவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பழகிரும் தம்பி" என்றார். மாதம் ஒன்று போனது. வெள்ளைக் குட்டிகள் வெடிச் சத்தத்தில் குறட்டை விட்டன. நான் மறுபடியும் தெர்மாமீட்டரைப் போட்டேன். "அதுக பழகிருச்சு. நீங்கதான் இன்னும் பழகல" என்றார்.

அறுப்பு முடிந்ததும் ஆய்வகத்து வேலைகள். கறித்துண்டுகளைப் பைக்குள் தொங்கவிட்டு எவ்வளவு நீர் சொட்டுகிறது என்று பார்ப்பது அதில் ஒன்று. பார்க்க வந்த அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன தம்பி, துணி காயப் போட்டிருக்கீக?" என்று கேட்டார். கருப்பின் துண்டு நல்ல சிவப்பாக, சொட்டாமல் நின்றது. வெள்ளையின் பை அடியில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது. "வெளைஞ்ச கறின்னா தண்ணி இருக்கத்தான் செய்யும்" என்று அவர் விளக்கம் சொன்னார். தேங்காயை நினைத்துச் சொல்லியிருப்பார் போல.

ருசி பார்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி சீசன் முடிந்து ஆட்கள் ஓய்ந்திருந்த நேரம். கம்பெனி ஆட்கள் குளித்து, துவைத்த சட்டையில் வந்திருந்தார்கள். ஒருவர் தன் மச்சினனையும் ஆமத்தூரிலிருந்து வரச்சொல்லியிருந்தார். முற்றத்தில் பந்திப் பாய் விரித்து அட்டைகளைக் கொடுத்தேன். நிறம், மணம், மென்மை, ருசி, ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுவரை புள்ளி. எந்தக் கறி எது என்று தெரியக்கூடாது. ஆகவே அச்சாபீஸில் வெட்டிப்போட்ட லேபிள் தாளில் ஒரு பச்சைத் துண்டையும் ஒரு சிவப்புத் துண்டையும் எடுத்துச் சட்டிகளின் கழுத்தில் கட்டினேன். எது எதற்கு என்பது எனக்கும், கறியை வெட்டிப் போட்ட அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

விதிப்படி கறியை வெறும் தண்ணீரில் வேகவைக்கவேண்டும். உப்பு கூடாது, மஞ்சள்கூடக் கூடாது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"வீட்டுக்கு வந்தவகளுக்கு உப்பில்லாமப் போடவா?"

"ஆராய்ச்சிக்கா."

"பேரு என்னவோ வச்சுக்கோங்க. போடுறது என் கையி."

கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அவரே பரிமாறினார். எண்ணெய்ப் பரோட்டாவில் வளர்ந்த நாக்குகள் அந்த வெள்ளை வெளேரென்ற துண்டுகளைச் சந்தித்தன. ஒருவர் கண்ணை மூடி மென்றார். ஆமத்தூர் மச்சினன் ஒரு துண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, மாத்திரை போல உள்ளே அனுப்பினார். வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றியது.

அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாருமே எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டிருந்தார்கள். பச்சைக்கும் ஒன்பது, சிவப்புக்கும் ஒன்பது. ஒருவர் ஒன்பது போதாது என்று பத்து போட்டிருந்தார். இன்னொருவர் கட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சுக்கா" என்று எழுதியிருந்தார்.

பத்து போட்டவரைக் கொட்டகைப் பக்கம் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நல்லாவா இருந்துச்சு?"

"வாயில வைக்க முடியல தம்பி."

"பெறகு ஏன் பத்து?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆக்குனவக கரண்டியோட முன்னால நிக்காக. கொறையா போடுவாகளா? நீங்க ஒங்க ஊர்ல போடுவீகளா?"

போடமாட்டேன்தான். எங்கள் சித்தி வைக்கிற ரசத்தை இத்தனை வருடமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். இந்த ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் படிப்பு ஏறியபோது அது எங்கோ இறங்கிப் போயிருந்தது. ஆக்கியவரையே பரிமாற வைத்துவிட்டு அட்டையை நீட்டிய ஒரே ஆராய்ச்சியாளன் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் முற்றத்தில் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டும் சமம்னா எப்புடி? சமம்னா சீக்கிரம் வளர்றதுதான் லாபம். வெள்ளதான்." சொல்லிவிட்டு, வண்டிக்காரருக்குப் போன் போட நம்பரைத் தேடினார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பி, மிச்சக் கறி இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அம்புட்டையும் எடுங்க. எல்லாரும் உக்காருங்க. சாப்பாடுன்னு கூப்பிட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்பினா என் பேரு என்னாகும்? ஏங்க, போன வையிங்க. பரோட்டா வாங்கிட்டு வாங்க."

மிளகு, சின்ன வெங்காயம், உப்பு, வரமிளகாய். இரண்டு சட்டிக்கும் ஒரே அளவு இருக்கவேண்டும் என்று ஆய்வகத் தராசை எடுத்துவந்து உப்பை நிறுத்தேன். "எங்க போர்மேனே இம்புட்டு பாக்க மாட்டாரு" என்றார் அக்கா. கழுத்தில் கட்டியிருந்த பச்சைத் தாளும் சிவப்புத் தாளும் அப்படியே இருந்தன. மசாலா ஏறிய பிறகு இரண்டு கறியும் ஒரே நிறம்.

இந்த முறை அட்டை இல்லை. இரண்டு சட்டியையும் நடுவில் வைத்தோம். எல்லாருக்கும் முதலில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி. அப்புறம் அவரவர் கேட்கிற சட்டி. குறை சொல்ல இந்த ஊர் வாய் வராது. ஆனால் இன்னொரு கரண்டி கேட்க வந்துவிடும். நான் ஒரு மூலையில் நின்று யார் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கைகள் பச்சைப் பக்கமே போயின. ஆமத்தூர் மச்சினன் பாயோடு பச்சைச் சட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தார்.

அண்ணனும் பச்சைதான் கேட்டார். இரண்டாவது கரண்டிக்கே ரொம்பத் தெம்பாகிவிட்டார்.

"தம்பி, நீங்க வேசம் கட்டுனாலும் எனக்குத் தெரியும். இந்தப் பச்சதான் என் வெள்ளப் பன்னி. பாருங்க, கொழுப்பு எப்புடிக் கரையுதுன்னு. அந்தச் சிகப்புல இருக்கது கருப்பு, சக்க மாதிரி. நான் அன்னைக்கே சொல்லலியா?"

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வாய் நிறைய இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பச்சைச் சட்டிக்குள் கரண்டியை விட்டு, நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்தார்.

"வெள்ளப் பன்னிக்கறி இன்னொரு கரண்டி வைக்கவாங்க?"

"வை வை."

வைத்தார். அண்ணன் அதையும் முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, தாள அவுத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். பச்சை, கருப்பு.

பத்து போட்டவர் முதலில் சிரித்தார். அப்புறம் யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் இலையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், "உப்பு சரியா இருந்துச்சு. அதான்" என்றார்.

"ரெண்டுக்கும் தம்பி நிறுத்துல்ல போட்டாரு" என்றார் அக்கா.

இந்தக் கதையைப் பேராசிரியையிடம் போனில் சொன்னேன். "எந்த அளவுகோல்ல பதிவு பண்ணீங்க?" என்று கேட்டார். சட்டி என்றேன். ஆக்கியவர் முகம் தெரியாத இடத்தில், உப்பில்லாமல், முறைப்படி மறுபடியும் செய்யச் சொன்னார். செய்தேன். சொட்டு நீரும் நிறமும் சொன்னதைத்தான் அங்கேயும் நாக்குகள் சொல்லின, அவ்வளவு உற்சாகமில்லாமல். வெள்ளை சீக்கிரம் வளர்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அண்ணன் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

போன மாதம் தாயில்பட்டிக்குப் போனேன். புதுக் கொட்டகையில் காது கிழிந்தது குட்டிகளோடு கிடந்தது. அண்ணன் ஓஸ் பைப்பில் அதற்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கம்பெனியில் சாம்பிள் வெடித்தது. குட்டிகள் ஒன்றும் அசையவில்லை. நான் கையில் இருந்ததைக் கீழே போட்டேன்.

அண்ணன் அதை எடுத்துக் கொடுத்தார். "தம்பி, ஞாயித்துக்கெழம வாங்க, கறி போடுறோம்" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வெள்ளப் பேச்ச மட்டும் இங்கன எடுத்துறாதீக" என்றார்.