காலைப் பார்த்துச் சொன்ன பதில்

பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்ற அந்த அம்மாளுக்கு, வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்க்கிற வழக்கம் இருந்தது. பூட்ஸ் என்றால் போலீஸ். எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்காக நான் நோட்டும் கையுமாக ஆளாளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்: ஓட்டு வைத்தால் தமிழ்நாடா, கேரளமா? வற்றிய உடம்பும் வெற்றிலைக் காவி ஏறிய பல்லுமாக இருந்த அந்த அம்மாள், என் செருப்பைப் பார்த்தார்.

"தமிழ்நாட்டோடதான் ஆக்கும்" என்றார். நோட்டில் தமிழ்நாட்டுக் கணக்கில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

எதிர்க்கடையில் நான் டீ குடித்து முடிப்பதற்குள், மலையாளப் பத்திரிகைக்காரர் ஒருவர் நோட்டுடன் வந்து அவரிடம் அதையே கேட்டார். "கேரளத்தோடு தன்னெ" என்று அந்த அம்மாள் மலையாளத்தில் பதில் சொன்னார். பத்திரிகைக்காரரும் எழுதிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பப் போய், "இதுல எது உள்ளது, அக்கா?" என்றேன்.

"கேக்க வாறவன் பதிலையும் கொண்டுதானே வாறான், மக்கா. நான் அத எடுத்துக் குடுக்கேன். உள்ளதச் சொன்ன எங்க அண்ணன் அடிவாங்கி, எந்திரிக்க வழியில்லாம கெடக்கான்."

நோட்டில் போட்ட கோட்டை நான் அடிக்கவில்லை. அந்த வாரம் இரண்டு பத்திரிகைகளும் மக்கள் தங்கள் பக்கமே என்று எழுதின. எல்லையைப் போட்டவர்கள் இரண்டையும் படித்ததாகத் தெரியவில்லை. பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு அவரிடம் கிழங்கு வாங்கப் போகும்போதெல்லாம் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டுப் போவேன். அப்போதும் அவர் முதலில் என் காலைத்தான் பார்த்தார்.